நோக்கமானி கேட்ட வார்த்தை

இசக்கியம்மாளின் பொத்தான் சிவப்பாக மாறியபோது, அவள் ஹால்மார் நகரத்துத் தெரு ஒன்றுக்கு அடியில், வெந்நீர்க் குழாய்களுக்கு நடுவே நின்று, துருப்பிடித்த வால்வு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நிறம் மாறியது அவளுக்குத் தெரியாது. பொத்தான் இருப்பது வலது காதுக்குப் பின்னால். போட்டிருக்கிறவர் கண்ணுக்கு அது படாது, மற்ற எல்லார் கண்ணுக்கும் படும். இந்த ஏற்பாட்டைச் செய்த மகராசன் யாரோ, மனிதர்களை நன்றாகப் படித்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

"இசாக்கி, உன் காது சிவந்திருக்கிறதே" என்றான் கூட நின்ற யோரன். உள்ளூர்க்காரன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவள் பெயரை அப்படித்தான் இழுக்கிறான். அவளும் திருத்தித் திருத்தி அலுத்துவிட்டாள்.

"குளிரு" என்றாள், அவன் பாஷையிலேயே.

"குளிரில்லை. பொத்தான்."

இசக்கி வால்வை விட்டாள்.

வெளிநாட்டில் போய்ப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். எந்த நாட்டு விசாவாக இருந்தாலும் சுற்றி வளைத்துக் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். நீ திரும்பிப் போவாயா, மாட்டாயா? சுற்றிப் பார்க்க வந்தவன் போகமாட்டேன் என்று நினைத்தால் குற்றம். குடியிருக்க வந்தவன் போவேன் என்று நினைத்தால் குற்றம். மனதுக்குள் எட்டிப் பார்க்க வழியில்லாத காலத்தில் அதிகாரிகள் சம்பளச் சீட்டையும் சொத்துப் பத்திரத்தையும் கல்யாண ஆல்பத்தையும் புரட்டி ஏதோ ஒரு ஊகத்துக்கு வந்தார்கள். ஹால்மார்க்காரர்களுக்கு ஊகம் பிடிக்காது. அவர்கள் வெப்பமானி செய்கிற மாதிரி நோக்கமானி செய்துவிட்டார்கள். நிரந்தரமாகக் குடியிருக்க அனுமதி கேட்பவர் ஒரு வருடம் அதைக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பேசுவதையெல்லாம் அது கேட்கும். சொல்வது வாயளவிலா மனதாரவா என்பதை நாடித்துடிப்பிலும் தொண்டை அதிர்விலும் கண்டுபிடித்துவிடும். தங்குகிற எண்ணம் என்றால் பச்சை. ஊசலாட்டம் என்றால் மஞ்சள். போகிற எண்ணம் என்றால் சிவப்பு. அங்கிருந்த தமிழர்கள் அதற்கு ஒட்டுக்கேட்பான் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சிவப்பு விழுந்தால் ஒரு விசாரணை உண்டு. அதிலும் நிறம் மாறாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். இசக்கியின் புருஷன் கோமதிநாயகத்தின் பொத்தானோ முதல் நாளிலிருந்து பச்சை. அவன் இருக்கலாம், அவள் போக வேண்டும் என்றால் அதற்குப் பெயர் குடும்பமா?

மறுநாள் காலை இசக்கி மீன்கடை மாடியில் இருந்த 'நோக்கப் பயிற்சி நிலைய'த்துக்குப் போனாள். அதை நடத்துகிற தணிகாசலத்துக்குச் சொந்த ஊர் திருத்தணி. எந்த வார்த்தையைச் சொன்னால் பச்சை, எதைச் சொன்னால் மஞ்சள் என்று தமிழர்களுக்குப் பாடம் நடத்துவதுதான் அவர் தொழில். கூட்டத்துக்குக் குறைவில்லை.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்ட?" என்றார் தணிகாசலம், அவள் நீட்டிய விசாரணை நோட்டீசைப் படித்துவிட்டு, அவள் உட்காருவதற்கு முன்பே. "உன் வீட்டுக்காரரைப் பாரு, சொன்னது சொன்னபடி கேட்டாரு. வாழைக்குருத்து மாதிரி பச்சை. நீ ஒரு நாளாவது கிளாசுக்கு வந்தியா?"

"எனக்கு எங்க நேரம் அண்ணாச்சி? இந்த ஊருக்கே வெந்நி நான்தான் விடணும்."

"சரி, இப்ப சொல்லு. கோடைல ஊருக்குப் போனீங்களே, திரும்பி வரும்போது உங்க அம்மாகிட்ட என்ன சொல்லிட்டுக் கிளம்புன?"

"என்ன சொல்லுவாங்க? போயிட்டு வாரேன்னு சொன்னேன்."

"அம்மாகிட்ட மட்டும்தானா?"

இசக்கி யோசித்தாள். எதிர்வீட்டு பீர்முகமது மாமாவிடம் சொன்னாள். மாமி முட்டாசு மிட்டாய் கட்டிக் கொடுத்தபோது மாமியிடமும் சொன்னாள். தெரு முக்குப் பிள்ளையாரிடம் சொன்னாள். இவள் மடியிலேயே கிடந்த பூனையிடம் சொன்னாள். பூட்டை இழுத்துப் பார்க்கும்போது பூட்டிடமும் சொன்ன ஞாபகம்.

"பூட்டுகிட்டயா!" என்று தலையில் கை வைத்தார் தணிகாசலம். "அத்தனையும் ரெக்கார்டுல இருக்குதும்மா. ஊருக்குத் திரும்பி வர்ற நோக்கம், உறுதியானதுன்னு போட்டிருக்கு."

"இது என்ன கூத்தா இருக்கு! எல்லாரும் சொல்லுததுதான அண்ணாச்சி? அம்மையப் பாக்க வருசா வருசம் போவேன். அதத்தான சொன்னேன்?"

"அங்கதான் மாட்டிக்கிட்ட. இந்த ஊரு பாஷைல வர்றதுக்கு ரெண்டு வார்த்தை. விருந்தாளியா வந்தா விஸ்தா. சொந்த வீட்டுக்கு வந்தா ஹெய்மா. நமக்கு ரெண்டுக்கும் ஒரே 'வா'தான். அப்ப அந்த மெஷின் என்ன பண்ணும்? நீ சொல்ற வாரேன் எந்த வாரேன்னு உன் பழக்கத்தைப் பார்த்துதான் கத்துக்கும். தினம் காலைல வேலைக்குக் கிளம்பும்போது வீட்டுக்காரர்கிட்ட என்ன சொல்ற?"

"போயிட்டு வாரேன்."

"சாயங்காலம்?"

"வந்துருதேன்."

"எங்க வர்ற?"

"வீட்டுக்கு."

"ஆங். ஒரு நாள் தப்பாம! ஒட்டுக்கேட்பான் அதைப் பார்த்து என்ன முடிவு பண்ணிச்சுன்னா, இந்தப் பொண்ணு வாரேன்னு சொன்னா சொந்த வீட்டுக்குத்தான் வருது, சொன்னா வந்தே தீருதுன்னு. ஹெய்மான்னு எழுதிக்கிச்சு. அப்புறம் நீ பாளையங்கோட்டைல நின்னுக்கிட்டு அதே வார்த்தைய, அதே மனசோட சொல்லியிருக்க. அது என்ன நினைக்கும்?"

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. "அப்பம் நான் சொன்ன சொல் மாறாம வீட்டுக்கு வந்தேன் பாத்தீங்களா, அதுதான் குத்தம்?"

"சட்டப்படி பார்த்தா, ஆமா."

தணிகாசலம் இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றினார். வழியில்லாமல் இல்லை என்றார். விசாரணையில் அதிகாரி கேட்பார், இது மனதறிந்து சொன்ன சொல்லா, வெறும் உபசாரமா என்று. வெறும் உபசாரம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது அது உண்மை என்று மனதும் ஒப்புக்கொள்ள வேண்டும், பொத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். ஒப்புக்கொண்டால் அந்தச் சொல்லைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவார்கள். அப்புறம் பச்சைதான்.

"இன்னொண்ணு. அந்த அதிகாரி முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. பயந்துடாத. அந்த ரூமுல மேஜை மேல ஒரு விளக்கு எரியும். அது எரியிற வரைக்கும் அதிகாரி வாயால சொல்றதெல்லாம் உத்தரவு. கேள்வி கேக்கலாம், விதியைச் சொல்லலாம், மத்தபடி ஒரு வார்த்தை கூடக் குறையப் பேச முடியாது. முன்னாடி ஒரு கொரியாக்காரன் வாசல்ல நின்னு கதவைத் தட்டியிருக்கான். உள்ள இருந்த அதிகாரி ஏதோ நினைப்புல, வீட்டாளுங்களைக் கூப்பிடற மாதிரி ஹெய்மான்னுட்டாரு. முடிஞ்சுது, அதுவே உத்தரவாகி அவன் பொத்தான் பச்சையாயிடுச்சு. அவன் இப்ப இங்க நிலம் வாங்கி ஸ்ட்ராபெரி போடறான். அதுலேந்து எந்த அதிகாரியும் அந்த வார்த்தைய அந்த ரூமுல சொல்றதில்லன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காங்க. கதவையும் திறந்தே வச்சிருப்பாங்க. கையாலதான் கூப்பிடுவாங்க."

இசக்கி காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்பம் போயிட்டு வாரேன் அண்ணாச்சி" என்றாள்.

"ஐயோ" என்றார் தணிகாசலம்.

கோமதிநாயகம் அந்த நகரத்தில் செயற்கைப் பல் செய்கிறவன். வேலையிலும் சரி, பேச்சிலும் சரி, அளவு பார்த்து நடக்கிற மனிதன். பயிற்சி நிலையத்துக்கு வாரம் தவறாமல் போனவன். இப்போதெல்லாம் அவன் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது "அப்ப சரி" என்று மட்டும்தான் சொல்வான். அங்கே பெரும்பாலான தமிழ் வீடுகளில் அதே கதைதான். சில வீடுகளில் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்கள். அங்கே பிறந்து வளர்கிற பிள்ளைகளுக்கு, கிளம்புகிற மனிதர் எதையாவது சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அவள் நடந்ததையெல்லாம் சொன்னபோது, நாயகம் ஒரு கடைவாய்ப் பல்லை அரத்தால் ராவிக்கொண்டிருந்தான்.

"சொல்லிரு இசக்கி" என்றான். "வெறும் பழக்கம், சும்மா சொன்னேன்னு சொல்லிரு. ஒரு வார்த்தைதான?"

"ஒரு வார்த்தைதான். நீங்களும் ஒரு வார்த்தைதான சொன்னீங்க அத்தான்? மதினி இன்னும் உங்க போன எடுக்கலயே!"

அதே கோடையில் நடந்தது அது. தாயில்லாப் பிள்ளையான அவனைத் தூக்கி வளர்த்தவள் அக்கா பிரமு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் பிரமு அக்கா டிபன் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். பஸ் புறப்படப் போகும்போது நாயகம், தணிகாசலம் சொல்லிக் கொடுத்தது அட்சரம் பிசகாமல், "போறேங்க்கா" என்றான். வாரேன் என்று சொல்லவில்லை. அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் கோபித்துக்கொண்டு போகிறவர்கள், இல்லையென்றால் உறவை முறித்துக்கொண்டு போகிறவர்கள். பிரமு அக்கா ஒரு கணம் அவன் முகத்தையே பார்த்தாள். பொட்டலத்தை அவன் மடியில் வைத்தாள். பஸ் நகரும் வரை நிற்காமல் திரும்பி நடந்துவிட்டாள். வழி நெடுக நாயகம் அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. பொத்தான் மட்டும் பளபளவென்று பச்சையாக இருந்தது.

"அது வேற" என்றான் நாயகம் கடைசியில்.

"என்ன வேற?"

அவன் ராவிக்கொண்டே இருந்தான். யாருடைய பல்லோ பாவம், அன்றைக்கு அளவுக்கு மேல் தேய்ந்துபோனது. திரும்பச் செய்ய வேண்டி வந்தது.

இசக்கி அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா சண்முகவடிவு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். திருநெல்வேலி, பாபநாசம் தடத்தில் விசில் ஊதியே காலம் கழித்தவள். மகள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் போனின் ஸ்பீக்கர் கரகரத்தது.

"இதுக்காட்டி இப்படி மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? சும்மா சொன்னேன்னு சொல்லிட்டு வேலையப் பாரு. நான் என் சர்வீசு பூரா 'உள்ள போங்க, உள்ள போங்க'ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தனாது உள்ள போனானா? வார்த்தைக்கெல்லாம் அம்புட்டு மதிப்புக் கிடையாது."

"நெசமாத்தான் சொல்லுதியாம்மா?"

"பின்ன? நீ சொன்னியேன்னு நான் ரோட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கேன்னு நெனச்சியா? எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. நீ வருவ. அத நீ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கிடணுமாக்கும்."

போனை வைத்த பிறகு இசக்கி அழுதாள். அழுகை வந்ததற்கு அவளிடம் காரணம் கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள். காதுக்குப் பின்னால் கையை வைத்து, "நல்லாக் கேட்டுக்கோ" என்று பொத்தானுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தோசை வார்த்தாள். அம்மாவே சொல்லிவிட்டாள், இனி என்ன என்றுதான் நினைத்தாள்.

விசாரணை அறையின் கதவு திறந்தே இருந்தது. மேஜைக்குப் பின்னால் அதிகாரி சிக்னே ஒல்டார் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்காரி. நரைத்த முடியை இறுக்கிப் பின்னியிருந்தார். தணிகாசலம் சொன்னது போலவே கையால்தான் கூப்பிட்டார், நாற்காலியையும் கையால்தான் காட்டினார். ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவள் பக்கம் தள்ளினார். குடியுங்கள் என்று சொன்னால் அதுவும் உத்தரவாகிவிடும் என்பதால் புருவத்தை மட்டும் உயர்த்தினார். இசக்கிக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று.

மேஜை மேல் விளக்கு எரிந்தது. பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்புப் பெட்டி. அந்த அறையில் விண்ணப்பம் போட்டவர் தாய்மொழியில்தான் பேச வேண்டும், அப்போதுதான் மனது மறைக்காது என்பது விதி. இசக்கி பேசுவதைப் பெட்டி ஹால்மார் மொழியில் சொல்லும். அதிகாரி பேசுவதைத் தமிழில் சொல்லும். அந்தத் தமிழோ, கஞ்சி போட்டுத் தேய்த்த வேட்டி போல விறைத்துக்கொண்டு நின்றது.

"கடந்த கோடையில் தாங்கள் தாயகத்திலிருந்து புறப்படுகையில், சென்று வருகிறேன் எனப் பலரிடம் மொழிந்துள்ளீர்கள்" என்றது பெட்டி. "அவர்களுள் ஒருவர் பூனை. மற்றொருவர் பூட்டு. இச்சொல் தாங்கள் நெஞ்சறிந்து கூறியதா, வெற்று உபசாரமா?"

இசக்கி வாயைத் திறந்தாள். வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்த வாக்கியம்தான், நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வேலையில் அவளுக்கு உள்ள வழக்கம் அது. எந்த வால்வை அடைத்தாலும், அடைத்தால் எந்தெந்த வீட்டுக்குத் தண்ணீர் நிற்கும் என்று கேட்காமல் அடைக்க மாட்டாள்.

"உபசாரம்னு சொன்னா என்ன செய்வீங்க?"

"அச்சொல் தங்கள் கணக்கிலிருந்து முற்றிலும் நீக்கப்படும்."

"முற்றிலும்னா? ஊர்ல சொன்னது மட்டுமா? தெனம் காலைல எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுதேனே, அதுவுமா?"

"அனைத்தும். வெற்றுச் சொல் எங்கு மொழியப்பட்டாலும் வெற்றுச் சொல்லே."

இசக்கி தம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள். கீழே வைத்தாள்.

போன குளிர்காலத்தில் துறைமுகத் தெருவுக்கு அடியில் பெரிய குழாய் வெடித்தது. அவள் உள்ளே இருந்தாள். ஆவி சூழ்ந்து வெளியே போகும் ஏணி கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் சுவரைத் தடவித் தடவி நகர்ந்தபோது அவள் சாமியை நினைக்கவில்லை, சம்பளத்தை நினைக்கவில்லை. வாரேன்னு சொல்லிட்டு வந்திருக்கோமே என்ற ஒரே நினைப்புதான் திரும்பத் திரும்ப ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டுதான் ஏணிக்கு வந்து சேர்ந்தாள். இதை அவள் நாயகத்திடம் கூடச் சொன்னதில்லை.

இப்போது சொன்னாள். பெட்டி விறைப்பாக மொழிபெயர்த்தது. ஒல்டாரின் பேனா நின்றது.

"எங்க ஊர்ல கிளம்பும்போது போறேன்னு சொல்லிட்டுப் போக மாட்டோம்" என்றாள் இசக்கி. "பக்கத்துக் கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் போயிட்டு வாரேன்தான். கடல் தாண்டிப் போனாலும் போயிட்டு வாரேன்தான். பழக்கம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா வெத்துப் பழக்கம் இல்ல. அம்மாகிட்டச் சொன்னதும் நெசம். இவருகிட்டச் சொல்லுததும் நெசம். அங்கருந்து கிளம்புனா அங்க வாரேன், இங்கருந்து கிளம்புனா இங்க வாரேன். ஒண்ண அழிச்சாத்தான் இன்னொண்ணு நிக்கும்னா, ரெண்டும் அப்படியே இருந்துட்டுப் போட்டும். நான் எதையும் அழிக்க மாட்டேன்."

பெட்டி அவளுடைய பொத்தானைக் கேட்டது. "விண்ணப்பதாரர் கூறியவை மெய்" என்றது. "தாயகம் திரும்பும் நோக்கம் உறுதி. நிறம் மாறவில்லை."

அதற்கு மேல் அதிகாரிக்கு வேலையே இல்லை. பொத்தான் சிவப்பென்றால் மறுப்பை வாசிப்பதுதான் விதி. எழுதி வைத்திருந்த வாக்கியத்தை ஒல்டார் வாசித்தார். வாசிக்கும்போது அவர் இசக்கியைப் பார்க்கவில்லை.

"குடியிருப்பு அனுமதி மறுக்கப்படுகிறது. பனி விழத் தொடங்குமுன் தாங்கள் இந்நாட்டை விட்டு வெளியேற வேண்டும்."

இசக்கி எழுந்தாள். அவளுக்கு வெட்கமாக இல்லை. தப்பாக எதையும் சொல்லிவிடவில்லை என்ற நிறைவுதான் முன்னால் நின்றது. துறைமுகத் தெரு வால்வைப் பற்றி யோரனுக்கு எழுதி வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஜாக்கெட் ஜிப்பை மேலே இழுத்தாள். வாசலுக்குப் போனவள் திரும்பினாள்.

"அப்பம் நான் போயிட்டு வாரேன்."

பழக்கத்தில் வந்ததா, யோசித்துச் சொன்னதா என்று நாயகம் இன்றுவரை கேட்கிறான். அவள் பதில் சொன்னதில்லை.

பெட்டி கடமை தவறாமல் அதையும் மொழிபெயர்த்தது. கடைசிச் சொல்லாக ஹெய்மா என்றது. ஒல்டார் தலையை நிமிர்த்தினார்.

"இதை ஏன் என்னிடம் கூறுகிறீர்கள்? தங்களை வெளியேற்றியவள் நானல்லவா?" என்றது பெட்டி.

"அதுக்கென்ன? கிளம்பும்போது எதுக்க யாரு இருந்தாலும் சொல்லிட்டுத்தான் கிளம்பணும். சொல்லாமப் போனா மரியாதை இல்ல."

"கேட்பவர் மறுமொழி கூறுவதுண்டா?"

"உண்டு. போயிட்டு வாங்கன்னு சொல்லுவாங்க. ஆகாதவங்ககூட வெறும் போன்னு அனுப்ப மாட்டாங்க."

பெட்டி சொல்லி முடித்தது. ஒல்டார் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மேஜை மேல் எரிகிற விளக்கைப் பார்த்தார். விசாரணை முடிந்துவிட்டது, கை நீட்டினால் அணைத்துவிடலாம். அவர் அணைக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். உதடுகளை ஒருமுறை ஓசையில்லாமல் அசைத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு பெட்டியின் உதவியில்லாமல், தன் வாயாலேயே சொன்னார்.

"போ-யித்து வாங்-கா."

பெட்டி ஒரு கணம் திகைத்தது. அதிகாரி தமிழ் பேசி அது கேட்டதில்லை. ஆனால் அந்த வார்த்தையை அதற்கு நன்றாகத் தெரியும். ஏறக்குறைய ஒரு வருடமாக இசக்கியின் பொத்தான் வீட்டு வாசலில் தினமும் கேட்டு, அதற்குச் சொல்லிக் கொடுத்த வார்த்தையல்லவா? தெளிவாக மொழிபெயர்த்தது. சென்று, ஹெய்மா. விளக்கு பச்சைக்கு மாறியது.

"அதிகாரியின் அழைப்பு பதிவாயிற்று" என்றது பெட்டி. "அழைப்பு, சொந்த இல்லத்திற்கு."

இசக்கி மேஜைப் பக்கம் இரண்டு எட்டு திரும்பி வந்தாள். "அம்மா, இப்பம் என்ன சொன்னீங்கன்னு தெரிஞ்சுதான் சொன்னீங்களா?"

ஒல்டார் உட்கார்ந்து, ஜாடியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தன் தம்ளரில் ஊற்றிக்கொண்டார். "நான் சொல்வதில்லை எனச் சத்தியம் செய்த சொல் வேறல்லவா? இது மரியாதைக்கு மறுமொழி அல்லவா?" என்றது பெட்டி. அவருடைய பேனா அடுத்தவர் பெயரைத் தேடத் தொடங்கிவிட்டது.

வெளியே நாயகம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். மடியில் கம்பளிக் குல்லாவைப் போட்டு முறுக்கிக்கொண்டிருந்தான். அவள் வருவதைப் பார்த்ததும் எழுந்து, முகத்தைக்கூடப் பார்க்காமல், நேரே காதுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"பச்சை! ஏட்டி, பச்சையா இருக்கு! சும்மா சொன்னேன்னு சொல்லிட்டியா?"

"சொல்லல."

நடந்ததை அவள் சொல்லச் சொல்ல அவன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். பிறகு, அளவு பார்த்து நடக்கிறவன் ஆயிற்றே, பயம் வந்துவிட்டது. "மேல உள்ளவங்க சும்மா விடுவாங்களா? அந்தம்மா சொன்ன அர்த்தம் அது இல்லன்னு ரத்து பண்ணிட்டா?"

"எப்படிப் பண்ணுவாங்க அத்தான்? ரத்து பண்ணணும்னா, எங்க மெஷின் 'வா'ங்கிறதத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டுதுன்னு அவங்களே எழுதிக் குடுக்கணும். அப்படிக் குடுத்தா, எனக்கு விழுந்த சிவப்பும் தப்புன்னு ஆயிரும். எந்தப் பக்கம் திருப்பினாலும் நான் இங்கதான் இருப்பேன்."

நாயகம் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பெஞ்சில் மறுபடி உட்கார்ந்தான். "நானும் அக்காட்ட அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்" என்றான்.

இசக்கி தன் போனை எடுத்து நீட்டினாள். "என் நம்பர்லேந்து கூப்பிடுங்க. மதினி எடுப்பாவ."

அவன் கை காதுக்குப் பின்னால் போயிற்று. அவனுடைய வருடம் இன்னும் முடியவில்லை. பொத்தானைக் கழற்ற இன்னும் சில வாரங்கள் இருந்தன. இத்தனை நாள் காப்பாற்றிய பச்சை. இசக்கி போனை நீட்டியபடியே நின்றாள். அவன் கையை எடுத்துவிட்டு வாங்கிக்கொண்டான்.

"என்னட்டி இசக்கி, உன் காரியம் என்னாச்சு?" என்றது பிரமு அக்காவின் குரல். பின்னால் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான்தான்."

மிக்சி நின்றது. அக்கா போனை வைத்துவிடவில்லை.

"அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒண்ணு சொல்லாம வந்துட்டேங்க்கா." நாயகம் மூச்சை இழுத்துக்கொண்டான். "போயிட்டு வாரேன்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இதச் சொல்ல ஒனக்கு இவ்வளவு நாளாச்சோ? கழுத." இன்னும் ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள். "டிபனையாது சாப்பிட்டியா, இல்ல கொட்டிட்டியா?"

"கெட்டுப்போச்சுக்கா."

"போட்டும். அடுத்தவாட்டி கட்டித் தாரேன். சரி ராசா, போயிட்டு வா."

நாயகம் போனைத் திருப்பிக் கொடுத்தான். கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மார்க்குக் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினான்.

"ஏட்டி, என்ன கலர்ல இருக்கு?"

இசக்கி பார்த்தாள். அவன் மடியிலிருந்த குல்லாவை எடுத்து, அவன் தலையில் போட்டு, இரண்டு காதும் மூடும்படி நன்றாகக் கீழே இழுத்துவிட்டாள்.

"குளிருது அத்தான். வாங்க, வீட்டுக்குப் போவோம்."